ஓரகத்திக்கு மோட்சம்

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகிற சாலையில், காடு தொடங்குகிற இடத்தில் அந்தோணியார்புரம் என்று ஒரு ஊர். நாற்பது வீடு, ஒரு கோவில், ஒரு கல்லறைத் தோட்டம். அந்த ஊரில் மோட்சத்துக்கு இப்போதே துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருப்பவள் தெரசா. வயது அறுபத்துமூன்று. புருசன் சவரியப்பன் போய்ப் பல வருஷம் ஆகிறது. பிள்ளை குட்டி இல்லை. மரியாயின் சேனை என்கிற பெண்கள் ஜெபக் குழுவுக்குப் பதினேழு வருஷமாகத் தலைவி. அந்தப் பதவிக்கு வேறு யாரும் நிற்பதில்லை. நின்றால் அவர்களோடு தெரசா பேசமாட்டாள்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைகளில், விடாமல் ஒன்பது மாதம் பூசையில் நற்கருணை அப்பம் வாங்கினால் நல்ல மரணம் நிச்சயம் என்று கத்தோலிக்கர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. ஒரு சுற்று போதும். தெரசா நாலு சுற்று முடித்திருந்தாள். எதற்கு நாலு என்று கேட்டால், "ஆதார் கார்டையே நாலு ஜெராக்ஸ் கேக்கறாங்க, அங்க மட்டும் கேக்கமாட்டாங்களா" என்பாள். கழுத்தில் உத்தரியம் கட்டியிருந்தாள், மாதா படம் தைத்த துணித் துண்டு, அதோடு செத்தால் நரகம் கிடையாது. வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த மந்திரித்த தண்ணீர் ஒரு சின்ன பாட்டிலில், போகிற இடமெல்லாம் பையில் இருக்கும். கடைசி நேரத்தில் தன் நெற்றியில் தெளிக்க. கடைசி நேரம் சொல்லிக்கொண்டா வரும், அதனால் பையை அவள் கீழே வைப்பதே இல்லை.

இப்படி எல்லாம் சரியாக இருந்தும் ஒரே ஒரு பாவம் அவளை விடவில்லை. பொறாமை. மாதா மாதம் கோவில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லுவாள். ஏழு சாமியார்கள் மாறிப்போனார்கள், பாவம் மாறவில்லை. "யார் மேலம்மா பொறாமை?" என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். "பொதுவாத்தாங்க சாமி" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னாள்.

பொதுவாக எல்லாம் இல்லை. பாஞ்சாலி மேல்.

பாஞ்சாலி அவளுக்கு ஓரகத்தி. சவரியப்பனின் தம்பி இன்னாசி ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவன். அவன் முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் பிஷப்பிடம் அனுமதி வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தவள் பாஞ்சாலி. ஞானஸ்நானம் வாங்காதவள். யாரும் வாங்கு என்று வற்புறுத்தவில்லை, அவளும் கேட்கவில்லை. முனியப்பனுக்குப் பொங்கல் வைப்பாள், அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றுவாள். கேட்டால், "அவுங்க ரெண்டு பேரும் ஒண்ணும் சண்ட போட்டுக்கலியே" என்பாள். அருவிக்குப் போகிற வழியில் மீன் வறுவல் கடை. கடையில் மீன் நன்றாக இருக்கும், பேச்சு அதைவிட நன்றாக இருக்கும். தேர்த் திருவிழாவில் தெரசா கொடி பிடித்து முன்னால் நடப்பாள். தெருவில் நிற்கிறவர்கள் அவளைப் பார்த்துக் கேட்பது, "பாஞ்சாலி வல்லிங்களா?"

தெரசாவுக்குப் பிடிக்காத சுவிசேஷம் ஒன்று உண்டு. விடிகாலையில் தோட்டத்து வேலைக்கு வந்தவனுக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் எஜமான் ஒரே கூலி கொடுத்த கதை. அது வாசிக்கப்படும் ஞாயிற்றுக்கிழமை தெரசா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருமுறை வெளியே வந்து, "நூறு நாள் வேலையில இப்படிப் பண்ணியிருந்தா ரோட்ல உக்காந்திருப்பாங்க" என்று சொன்னதைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் அவளுடைய உண்மையான சொத்து முதல் வெள்ளிகள் அல்ல. குழந்தைகள்.

தர்மபுரியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் தெரசா இருபத்தாறு வருஷம் ஆயா வேலை பார்த்தாள். கத்தோலிக்கக் குடும்பத்துக் குழந்தை பிறந்து, பிழைக்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டால், சாமியாருக்கு ஆள் அனுப்ப நேரம் இருக்காது. அந்த மாதிரி ஆபத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். நெற்றியில் மூன்று தரம் தண்ணீர் ஊற்றி, "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேரால் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கன்னியாஸ்திரிகள் இதைத் தெரசாவுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவளுக்குக் கை நடுங்காது, வார்த்தை தவறாது. முப்பத்தொரு குழந்தைகளை அப்படி அனுப்பி வைத்தாள். பேரும் அவளே வைத்தாள், பெற்றவர்கள் அழுதுகொண்டிருந்ததால்.

பெறாதவளுக்கு முப்பத்தொரு பிள்ளைகள். தான் செத்து மேலே போகும்போது அந்த முப்பத்தொன்றும் வாசலில் நின்று அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடிவரும் என்று தெரசா நம்பினாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சாமியார்களிடமும் இல்லை. இது பாவமில்லையே, எதற்குச் சொல்ல வேண்டும்.

அந்த முப்பத்தொன்றில் ஒன்று பாஞ்சாலியின் குழந்தை. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், எட்டாம் மாதத்தில் பிறந்து இரண்டே நாள் இருந்த பெண் குழந்தை. தெரசாதான் தண்ணீர் ஊற்றினாள். லூர்து என்று பேர் வைத்தாள். குழந்தையை வைத்திருந்த கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கம் பாஞ்சாலி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு பாஞ்சாலிக்கும் குழந்தை இல்லை. கல்லறைத் தோட்டத்தில் ஒரு முழ நீளத்துக்கு லூர்துவின் கல்லறை. கல்லறைத் திருநாளில் பாஞ்சாலி அங்கே போய் உட்கார்ந்து சாயங்காலம் வரை எழுந்திருக்கமாட்டாள். தெரசா அதைத் தூரத்தில் நின்று பார்ப்பாள். போய் உட்கார பாஞ்சாலிக்கு அங்கே ஓர் இடம் இருக்கிறது, தனக்கு இல்லை என்று நினைப்பாள். அடுத்த மாதம் பாவசங்கீர்த்தனத்தில் மறுபடியும் பொறாமை, பொதுவாக.

இந்த வருஷம் தவக்காலத்தின் முதல் வெள்ளிக்கிழமை, மத்தியானம் பன்னிரண்டு மணி. தவக்கால வெள்ளியில் கறி ஆகாது, மீன் ஆகும். தெரசா பஸ் பிடித்து ஒகேனக்கல் போனாள். பாஞ்சாலி வழக்கம்போல் நடுத்துண்டாக எடுத்து வைத்திருந்தாள். அதுவே தெரசாவுக்கு எரிச்சல். வால் துண்டைக் கொடுத்திருந்தால் திட்டவாவது செய்யலாம்.

"உக்காருக்கா, அடுப்பு அவிஞ்சி போச்சு, வெறவு எடுத்தாறேன்" என்று பாஞ்சாலி கடைக்குப் பின்னால் போனாள். போனவள் காலைப் பிடித்துக்கொண்டு நொண்டி வந்தாள்.

"என்னமோ புடுங்கிட்டுது."

விறகுக்கு அடியில் கண்ணாடி விரியன். பக்கத்துக் கடைக்காரர்கள் பார்த்துவிட்டார்கள். இன்னாசி ஆற்றில் நாலு பேரைப் பரிசலில் ஏற்றிக்கொண்டு எங்கோ இருந்தான், போன் எடுக்கவில்லை. ஸ்டாண்டில் நின்ற பச்சியப்பனின் ஆட்டோவில் பாஞ்சாலியை ஏற்றினார்கள். தெரசா உள்ளே உட்கார்ந்தாள். பாஞ்சாலியின் தலை அவள் மடியில். ஒகேனக்கல்லிலிருந்து பென்னாகரம் ஆஸ்பத்திரி வரை மலைப்பாதை. பச்சியப்பன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை.

"அக்கா, எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது" என்றாள் பாஞ்சாலி.

"பேசாத. பேசினா வெசம் ஏறும்."

"நீயே ரெண்டு பேரா தெரியற."

"ஒருத்தியையே உன்னால தாங்க முடியாது, சும்மா படு."

பாஞ்சாலி சிரிக்கப் பார்த்தாள், வாந்திதான் வந்தது. துடைத்துவிட்டாள் தெரசா. கொஞ்ச தூரம் போனதும் பாஞ்சாலி அவள் கையைப் பிடித்தாள்.

"லூர்துக்கு ஊத்துனயே. அந்தத் தண்ணிய எனக்கும் ஊத்திடுக்கா. எம் பொண்ணு இருக்கற எடத்துக்கு நானும் போவணும். அவ பக்கத்துலயே என்னைப் பொதைக்கச் சொல்லு."

இருபத்தாறு வருஷம் நடுங்காத கை. பையில் தண்ணீர் இருக்கிறது, வாயில் வார்த்தை இருக்கிறது. ஒரு நிமிஷ வேலை.

தெரசா வேலையைத் தொடங்கவில்லை.

அவள் மனசுக்குள் ஓடியதை உள்ளபடி சொன்னால் இப்படி இருந்தது. இவளுக்கு இப்போது தண்ணீர் ஊற்றினால் பிறந்ததிலிருந்து செய்த பாவம் அத்தனையும் அடியோடு போய்விடும். மோட்சத்துக்கு முன்னால் பாவம் தீர வேக வேண்டிய உத்தரிக்கிற ஸ்தலத்தில் ஒரு நிமிஷம்கூட நிற்க வேண்டியதில்லை. நேராக மோட்சம். நான் நாலு சுற்று முதல் வெள்ளி முடித்தும் எத்தனை காலம் அங்கே வெந்துகொண்டு கிடப்பேனோ தெரியாது. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம்தான் பெரியது. இவள் எனக்கு முன்னால் போய் நின்றுவிடுவாள். லூர்து இவளிடம் ஓடிவிடுவாள். நான் போகும்போது வாசலில் முப்பதுதான் இருக்கும்.

ஆட்டோ ஒரு திருப்பத்தில் வளைந்தது. இன்னொரு திருப்பம். கைப்பிடிச் சுவரில் குரங்குகள் உட்கார்ந்திருந்தன. அதற்குப் பிறகும் திருப்பங்கள். பாஞ்சாலியின் கண் இமை தானாகக் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. பிறகு அவள் கை தளர்ந்தது.

கை தளர்ந்த பிறகுதான் தெரசா பையைத் திறந்தாள். உள்ளே இரண்டு பாட்டில். ஒன்று வேளாங்கண்ணித் தண்ணீர். இன்னொன்று மீன்கடைக் குழாயில் பிடித்த ஆற்றுத் தண்ணீர். அந்த நேரத்திலும் அவள் கை வேளாங்கண்ணியைத் தாண்டிப் போய்க் காவிரியை எடுத்தது. மூன்று தரம் ஊற்றினாள். வார்த்தையைச் சொன்னாள். ஒன்றும் விடவில்லை, தொழில் சுத்தம். ஹாரன் சத்தத்தில் பச்சியப்பனுக்கு எதுவும் கேட்கவில்லை. சட்டை நனைந்ததும் திரும்பி, "ஆயா, மூஞ்சியில தெளிங்க, முழிச்சிக்குவாங்க" என்று மட்டும் சொன்னான்.

பாஞ்சாலி முழித்துக்கொள்ளத்தான் செய்தாள். பென்னாகரத்தில் ஊசி போட்டார்கள், அங்கிருந்து தர்மபுரிக்கு அனுப்பினார்கள், நாலாவது நாள் கண்ணைத் திறந்து மீன்கடைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டாள். ஊர் ஜெபக் கூட்டமான அன்பியத்தின் வாட்ஸாப் குரூப்பில் அவளுக்காக ஜெபம் போட்டவர்கள் அறுபத்துமூன்று பேர். தெரசாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது ஒன்பது பேர் கட்டைவிரலைக் காட்டியிருந்தார்கள். தெரசா இரண்டையும் எண்ணிப் பார்த்தாள்.

மூன்று வாரம் கழித்து பாஞ்சாலி வீட்டுக்கு வந்தாள். உயிர் தப்பியது, கிட்னி தப்பவில்லை. வாரத்துக்கு இரண்டு தரம் தர்மபுரிக்குப் போய் டயாலிசிஸ். எத்தனை நாளைக்கு என்று இன்னாசி கேட்டதற்கு டாக்டர் நேராகப் பதில் சொல்லவில்லை.

பங்குச் சாமியார் அருள்குமார் பார்க்க வந்தார். குருப்பட்டம் வாங்கி மூன்று வருஷமான இளம் சாமியார். தெரசாவும் அங்கே இருந்தாள். பாஞ்சாலி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "ஃபாதர், அக்கா எனக்கு ஆட்டோலயே தண்ணி ஊத்திட்டாங்க. இனிமே நானும் உங்க ஆளுதான்" என்றாள்.

அருள்குமாருக்கு முகம் மலர்ந்தது. இருந்தாலும் கோவிலின் ஞானஸ்நானப் புத்தகத்தில் ஏற்ற வேண்டுமே. தெரசா பக்கம் திரும்பினார்.

"தெரசாம்மா, மூணு தரம் ஊத்துனீங்களா? வார்த்தைய முழுசா சொன்னீங்களா?"

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. வருகிற ஈஸ்டரில், உயிர்ப்புத் திருநாளில், பாஞ்சாலி நற்கருணை வாங்கிவிடுவாள். செத்தால் லூர்து பக்கத்தில் குழி.

"தண்ணி ஊத்துனேங்க சாமி" என்றாள் தெரசா. "பதட்டத்துல வார்த்தைய சொன்னனா இல்லையான்னு ஞாபகம் இல்லீங்க."

பாஞ்சாலி அவளை ஒரு தரம் பார்த்தாள். சாமியார் அவளிடம் கேட்டார். "உங்களுக்கு எதாவது கேட்டுச்சாம்மா?"

"எனக்குக் கண்ணு இருட்டிக்கிச்சுங்க ஃபாதர். அக்கா சொல்றதுதான்."

சாமியார் யோசித்தார். வார்த்தை நிச்சயமில்லை என்றால் ஞானஸ்நானமும் நிச்சயமில்லை. அப்படியென்றால் முறைப்படி ஒரு வருஷம் ஞானோபதேசப் பாடம் படித்து, அடுத்த உயிர்ப்புத் திருநாளில் ஞானஸ்நானம் வாங்கலாம் என்றார்.

"அதுக்குள்ள போயிட்டா?" என்றாள் பாஞ்சாலி, பஸ் போய்விட்டால் என்று கேட்பதுபோல.

"ஒண்ணும் பயப்படாதீங்கம்மா. அந்த மாதிரி ஆபத்து வந்தா உடனே கூப்பிடுங்க, நான் ஓடி வந்துருவேன். நான் வர முடியாமப் போனாலும், நீங்க மனசார ஆசப்படறீங்க இல்ல, அந்த ஆசையே ஞானஸ்நானம்தான். கடவுள் அத ஏத்துக்குவாரு."

தெரசாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆசைப்பட்டாலே போதுமா. அப்படியென்றால் மழையில் நனைந்து முதல் வெள்ளிப் பூசைக்குப் போனவர்கள் எல்லாம் என்ன முட்டாள்களா. வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். ஆனால் சாமியார் இன்னும் முடிக்கவில்லை.

"ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்க உங்கள விட்டா ஊர்ல யாரு இருக்காங்க தெரசாம்மா? தினம் சாயந்திரம் ஒரு மணி நேரம் வந்துருங்க."

பொய்க்குத் தண்டனை உத்தரிக்கிற ஸ்தலத்தில் என்று தெரசா படித்திருந்தாள். இங்கேயே, தினம் ஒரு மணி நேரம், அதுவும் பாஞ்சாலி கையால் டீ குடித்துக்கொண்டு என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

பாஞ்சாலி மோசமான மாணவி இல்லை. முப்பத்திரண்டு வருஷம் இன்னாசி ஜெபம் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எல்லாம் காதில் ஏறியிருந்தது. கேள்விகள்தான் தொந்தரவு.

"மோட்சத்துக்குப் போக என்ன செய்யணும்?" என்று தெரசா கேட்டாள், புத்தகத்தில் இருந்தபடி.

"நாம என்னாத்தக்கா செய்யறது? அவரா பார்த்துக் கூட்டிக்கிட்டாத்தான் உண்டு."

"தப்பு. வரிசையா இருக்குது. கட்டளைய அனுசரிக்கணும், பூச பாக்கணும், ஒருசந்தி இருக்கணும், தான தருமம் பண்ணணும்."

அடுத்த நாள் வந்த சாமியாரிடம் பாஞ்சாலி தன் பதிலையே மறுபடி சொன்னாள். அதுதான் சரியான பதில் என்று சாமியார் பாராட்டிவிட்டுப் போனார். மீட்பு இலவசம், நாம் செய்கிற நல்லது அதற்கு நன்றி, விலை இல்லை என்று ஒரு பத்து நிமிஷம் விளக்கமும் கொடுத்தார். ஐம்பது வருஷத்துக்கு முன்னாலேயே ஞானோபதேசத்தில் முதல் பரிசு வாங்கியவள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தின பெரிய வாரத்துத் திங்கட்கிழமை சாயங்காலம், கால்களை நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு பாஞ்சாலி கேட்டாள். கால் வீங்கியிருந்தது.

"அக்கா, லூர்துக்கு இப்ப அங்க எத்தன வயசு இருக்கும்? ரெண்டு நாளா, இருபத்தெட்டா?"

தெரசாவுக்குத் தெரியவில்லை. அவள் கற்பனையில் முப்பத்தொன்றும் ஓடிவரும் வயசில் இருந்தன. யோசித்துப் பார்த்ததே இல்லை.

"எதுக்குக் கேக்கற?"

"அடையாளம் தெரியணுமே. நான் அவளத் தொட்டதுகூட இல்ல, பொட்டிக்குள்ளதான இருந்தா. நீதான் தொட்ட. அவ எப்படி இருப்பான்னு எனக்குச் சொல்லிக் குடு."

அன்றைக்குத் தெரசா பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

பெரிய புதன்கிழமை கோவிலில் பாவசங்கீர்த்தனம். பொய்யை வைத்துக்கொண்டு உயிர்ப்புத் திருநாளில் நற்கருணை வாங்க முடியாது. வாங்காமல் உட்கார்ந்திருந்தால் ஊர் பார்க்கும். வாங்கினால் கடவுள் பார்ப்பார். பாஞ்சாலியின் வீங்கிய கால் கண்ணிலேயே நின்றது என்பதும் உண்மை. இதில் எது அவளை அழைத்துக்கொண்டு போனது என்று அவளுக்கே தெரியாது. பாஞ்சாலியும் வருகிறேன் என்று கூடவே வந்து, வெளியே தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். தெரசாவுக்குப் பின்னால் வரிசையில் எட்டுப் பேர் நின்றார்கள்.

தெரசா முழங்கால் போட்டாள்.

"பொறாமப்பட்டேன் சாமி."

"யார் மேலம்மா?"

"பாஞ்சாலி மேல."

எட்டாவது சாமியாருக்குத்தான் அந்தப் பேர் கிடைத்தது. பிறகு எல்லாம் வந்தது. திருப்பங்கள், பாட்டில், லூர்து, பொய்.

"நல்ல தண்ணிய எடுக்கலீங்க சாமி. ஆத்துத் தண்ணியத்தான் ஊத்துனேன்."

"தண்ணியில என்னம்மா நல்லது கெட்டது. ஆத்துத் தண்ணியும் அதேதான் செய்யும்."

"அப்ப வேளாங்கண்ணித் தண்ணி?"

"அதுவும் தண்ணிதான்."

தெரசா பைக்குள் கையை விட்டு அந்தப் பாட்டிலைத் தொட்டுப் பார்த்தாள். சாமியார் தொடர்ந்து பேசினார்.

"பாவத்த மன்னிக்கிறேன். ஆனா ஒண்ணு புரிஞ்சிக்கோங்க. இங்க நீங்க சொன்னத வச்சிக்கிட்டு வெளிய நான் ஒரு துரும்பக்கூட அசைக்க முடியாது. கேக்காத மாதிரிதான். அவுங்களுக்கு ஞானஸ்நானம் அடுத்த வருஷம்தான். இன்னிக்கே வெளிய வந்து நீங்களா சொன்னாத்தான் அந்தக் கதவு திறக்கும்."

"வெளிய எட்டுப் பேரு நிக்கறாங்க சாமி."

"ஆமா, நானும் பார்த்தேன்."

தெரசா வெளியே வந்தாள். தாழ்வாரத்தில் நின்றாள். நேராக வீட்டுக்குப் போகிற வழி இடது பக்கம் இருந்தது. வலது பக்கம் பாஞ்சாலி, நாற்காலியில், வரிசையில் நின்ற குள்ளம்மாளோடு மத்தி மீன் விலை பேசிக்கொண்டிருந்தாள்.

"சாமி, கொஞ்சம் வெளிய வரீங்களா?" என்றாள் தெரசா.

அருள்குமார் பாவம் கேட்கும்போது தோளில் போடுகிற பட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, எதுவுமே தெரியாத முகத்தோடு வெளியே வந்தார். "என்ன தெரசாம்மா, எதாவது சொல்லணுமா?" நாடகத்தில் நடிக்கப் போயிருந்தால் நன்றாக வந்திருப்பார்.

"அன்னிக்கு ஆட்டோல வார்த்தைய முழுசா சொன்னேங்க சாமி. மூணு தரம் ஊத்துனேன். ஞாபகம் இல்லன்னு சொன்னது பொய்."

குள்ளம்மாள் வாயிலிருந்த மத்தி மீன் அப்படியே நின்றது. பதினேழு வருஷத் தலைவி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்படியா" என்றார் சாமியார். "அப்ப ஞானஸ்நானம் ஆயிடுச்சு. இன்னிக்கே புத்தகத்துல எழுதிடறேன். எண்ணெய் பூசறது, வெள்ளத் துணி, மெழுகுவத்தி, இந்தச் சடங்கெல்லாம் சனிக்கிழமை பாஸ்கா பூசையில வச்சிக்கலாம். ஞானத்தாய் ஒருத்தர் வேணும்."

"அக்காவே இருக்கட்டும்" என்றாள் பாஞ்சாலி.

சாமியார் உள்ளே போனார். வரிசை நகர மறந்து நின்றது. பாஞ்சாலி பார்த்த பார்வையில் நகர்ந்தது. தெரசா நாற்காலிக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

"ஏழு திருப்பம்" என்றாள் பாஞ்சாலி மெதுவாக.

"என்ன?"

"ஏழு திருப்பம் சும்மா வந்த. எட்டாவதுலதான் பாட்டிலத் தெறந்த. கண்ணுதான் இருட்டுச்சு, காது நல்லாத்தான் இருந்துச்சு. மூணு தரமும் கேட்டேன்."

தெரசா நிமிர்ந்து பார்த்தாள். "ஃபாதர்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பொய்யின்னு ஆயிடுமே. ஊர்ல உனக்குன்னு இருக்கறது அந்தப் பேரு ஒண்ணுதான்."

"ஒரு வருஷம் போயிருக்கும்டி. நீ இருப்பியோ இல்லையோ."

"ஆசப்பட்டா போதும்னாரே. அப்புறம் என்ன."

மன்னிப்புக் கேட்கலாம் என்று தெரசா வாயைத் திறந்தாள். கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அதையும் இவள் முந்திக்கொண்டு கொடுத்துவிட்டாள், அதுவும் சாமியார் வீட்டுக்கு வந்த அன்றைக்கே, சொல்லாமல். அறுபத்துமூன்று வருஷத்தில் யாரிடமும் இனாமாக ஒன்றும் வாங்கியதில்லை என்று பெருமை பேசுகிறவள், மீன்கடைக்காரியிடம் வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். கோபமாக வந்தது. கோபத்தில் உண்மை வந்தது.

"நீ அங்க போயிட்டா அவ உங்கிட்டப் போயிடுவா."

"யாரு?"

"லூர்து."

பாஞ்சாலிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவள் சிரித்த சிரிப்பில் உள்ளே பாவம் சொல்லிக்கொண்டிருந்தவன் எண்ணிக்கையை விட்டிருப்பான்.

"ரெண்டு நாள் கொழந்தைக்கா அது. யாரு தூக்கறாங்களோ அவுங்ககிட்டப் போவும்."

சனிக்கிழமை ராத்திரி, உயிர்ப்பைக் கொண்டாடுகிற பாஸ்கா பூசை. மற்ற ஊர்களில் ராத்திரி பதினொன்றுக்கு வைப்பார்கள். இங்கே யானை வருகிற சாலை என்பதால் ஏழு மணிக்கே. பாஞ்சாலி வெள்ளைப் புடவையில் வந்தாள். கோவில் முழுக்க எழுந்து நின்று பார்த்தது. தெரசாவின் சேதி புதன்கிழமை சாயங்காலமே வாட்ஸாப்பில் வந்துவிட்டிருந்தது. அவளைப் பார்த்துச் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், சிலர் இதுவரை சிரிக்காதவர்கள் சிரித்தார்கள். இரண்டுமே அவளுக்குப் பிடிக்கவில்லை.

சாமியார் பாஞ்சாலியின் நெற்றியில் எண்ணெய் பூச வந்தார். ஞானத்தாய் பின்னால் நின்று, வலது கையைத் தோள் மேல் வைக்க வேண்டும். தெரசா பின்னால் நின்றாள். அந்த வெள்ளைப் புடவை பாஞ்சாலிக்கு நன்றாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் நற்கருணைக்கும் இவள்தான் முதலில் போவாள், புதிதாக வந்தவர்கள் முதலில் என்பது வழக்கம். செவ்வாயும் வெள்ளியும் தர்மபுரிக்குப் போய்வருகிற உடம்பு. அங்கேயும் இவள்தான் முதலில் போய்ச் சேருவாள் போலிருக்கிறது. போய் லூர்துவைத் தூக்கிக்கொள்வாள்.

தெரசா கையை எடுத்துத் தோள் மேல் வைத்தாள். கொஞ்சம் அழுத்தியே வைத்தாள். எங்கேயும் கிளம்பிவிடக் கூடாது என்பதுபோல.

"மெதுவாக்கா" என்றாள் பாஞ்சாலி, திரும்பாமல்.

தெரசா கையைத் தளர்த்தவில்லை.